தொரை எழுந்திருப்பதற்கு முன்னே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அத்தையின் லேப்டாப் பேசாமல் போய்விட்டது. அத்தைக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அவள் எல்லா வேலையும் செய்வாள். அன்றைக்குக் குரல் வரவில்லை. அத்தை பதறவில்லை. போனை எடுத்து அதன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். போன் கடகடவென்று இங்கிலீஷில் படித்தது. ஏதோ அப்டேட் ஓடுகிறதாம், அணைக்க வேண்டாமாம். அத்தை காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த என் மகள், இந்தப் போனெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

“அப்போ உங்கப்பன்தான் எனக்குப் போனு. சார்ஜுதான் நிக்காது, அப்பப்ப முட்டாய் போட்டுக்கினே இருக்கணும்” என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மனசு திருவொற்றியூரில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளைகளே, அந்த வீட்டில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அது ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. பின்பக்கச் சந்து வழியாக ஓடினால் கடல். முன்பக்கம் பெரிய ரோடு. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் பொழுதுக்கும் வரிசையில் நிற்கும். என் அப்பாவும் அப்படி ஒரு லாரிதான் ஓட்டினார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா, அம்மா, நான், நைனாவின் தங்கையான அத்தை. இவ்வளவுதான் குடும்பம்.

அத்தை பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கே விண்ணப்பம் போட்டாலும், கண் தெரியாது என்றதும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். நைனாவுக்குக் கவலை. ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருந்தது. கண் தெரியாத பெண்களைத் தங்கவைத்து, நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். தீபாவளிக்குப் பிறகு ஓர் இடம் காலியாகும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். பிரம்பு பின்னுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் அத்தைக்கு அதில் விருப்பம் இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கவும் எழுதவும் வேண்டும்.

அப்போதுதான் சென்னையில் பாரிஸ் கார்னர் பக்கம் ஓர் ஆபீஸ் பற்றித் தெரியவந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்த கேசட்டுகளைக் கேட்டு, அப்படியே கம்ப்யூட்டரில் தட்டித் தர வேண்டும். காது நன்றாக இருந்தால் போதும். அத்தையின் காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருமுனையில் வரும்போதே லாரிச் சத்தத்தை வைத்து “அண்ணன் வண்டி, லோடு இல்லாம வருது” என்பாள்.

நைனா டோல்கேட் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தார். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. பெட்டியின் முன்னால் சின்னதாக ஒரு சாவித் துவாரம்கூட இருந்தது. சாவி இல்லை. அம்மாவின் தையல் மிஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தார்கள். திரையைப் படித்துச் சொல்லும் குரலை அத்தையின் காலேஜ் தோழி ஒருத்தி வந்து போட்டுக்கொடுத்தாள். மூக்கால் இங்கிலீஷ் பேசும் ஓர் ஆம்பிளைக் குரல். அம்மா அதற்குத் தொரை என்று பேர் வைத்துவிட்டாள்.

“உங்க தொரை எழுந்துட்டாரா? இல்ல, பெட் காபி வேணுமாமா?” என்று தினமும் கேட்பாள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. இந்தத் தொரையும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ஆள்தானே? கம்ப்யூட்டர் முழுதாக விழித்தால்தான் அவரும் விழிப்பார். சுவிட்ச் போட்டதிலிருந்து அவர் வாய் திறக்கும் வரை திரையில் என்னென்னவோ எழுத்துகள் வந்து போகும். கறுப்பில் வெள்ளையாக வரும், நீலத்தில் வரும். எல்லாம் சரியாக இருக்கிறதா, எங்கேயாவது கோளாறா என்று அந்த எழுத்துகள்தான் சொல்லும். அந்த நேரத்தில் தொரை தூங்கிக்கொண்டிருப்பார். படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அத்தை காதால் சமாளித்தாள். முதலில் விசிறி ஓடும் சத்தம். அப்புறம் ‘கீக்’ என்று ஒரே ஒரு குட்டிச் சத்தம்; அது வந்தால் பெட்டி நலம். பிறகு யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி உள்ளே கறக் கறக் என்று கேட்கும். பிறகு ஒரு பாட்டு. பிறகு தொரை. இந்த வரிசை தப்பினால் எங்களைக் கூப்பிடுவாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் சமையற்கட்டிலிருந்தே எட்டிப் பார்த்து நிறம் சொல்வாள். “கறுப்பா கீது. இப்ப நீலமாச்சு. அய்ய, மறுபடியும் கறுப்பு.” நைனா வீட்டில் இருந்தால், “ஓடிக்கினு கீது” அல்லது “நின்னுகினு கீது” என்பார். எழுத்து சொல்வது என் வேலை. மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. ஒருமுறை நானாகச் சேர்த்துப் படிக்கிறேன் என்று ‘பிரெஸ்’ என்பதை ‘பிரஷ்’ என்று படித்துவிட்டேன். கம்ப்யூட்டர் எதற்குப் பல் தேய்க்கச் சொல்கிறது என்று அத்தை ரொம்ப நேரம் குழம்பினாள். அதிலிருந்து, “நீ படிக்காத சாமி, எழுத்த மட்டும் ஒண்ணொண்ணா சொல்லு, நான் கோத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். நான் பள்ளியில் பாடுகிற ராகத்திலேயே எழுத்துகளைச் சொல்வேன். அவள் விரலை மடக்கி மடக்கிக் கோத்துக்கொள்வாள். முடித்ததும் எனக்கு ஒரு முட்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் அத்தைக்கும் தினமும் சண்டை. தண்ணீர் குடத்தை நகர்த்தியது யார், சீப்பை எடுத்தது யார், எதற்கும் சண்டை.

“நீ என்னிக்கு இந்த வூட்ட வுட்டுக் கெளம்புறியோ அன்னிக்குத்தான்டி எனக்கு நிம்மதி” என்பாள் அம்மா.

“போறேன் அண்ணி. போறப்போ உன் கொழம்புல ஒரு வாளி கட்டிக் குடு. ஹாஸ்டல்ல தப்பு பண்றவங்களுக்கு ஊத்தலாம்” என்பாள் அத்தை.

இதைக் கேட்டுக் கேட்டு, அத்தை எப்போது போவாள் என்று அம்மா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த ஆபீஸில் அத்தைக்குப் பரீட்சையாக ஒரு கேசட் கொடுத்தார்கள். அதைக் கேட்டுத் தட்டி, விஜயதசமிக்கு மறுநாள் காலையில் ஃபிளாப்பியில் போட்டுத் தர வேண்டும். ஃபிளாப்பி என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அந்தக் காலத்துப் பென் டிரைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. தேறாவிட்டால் விடுதிக்குச் சரி சொல்லிவிடுவது என்று நைனா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அத்தையும் பாதிக்கு மேல் தட்டி முடித்திருந்தாள்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் தொழில் சாமான்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எடுக்கலாம். லாரிச் சாவி, ஸ்பானர்கள், கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் பாடப் புத்தகம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. கம்ப்யூட்டரை நகர்த்த முடியாது. நைனா அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “அது கரண்டு சாமான். சந்தனம் கிந்தனம் எதுவும் வெக்காத. மேல ரவ பூ போடு, போதும்.” சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு லாரிக்குப் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார். நாங்கள் திரும்பியபோது கம்ப்யூட்டரில் எழுத்துத் தட்டுகிற பலகையின் மேல் புதுத் துண்டு போர்த்தி, அதன்மேல் சாமந்திப்பூ இருந்தது. நைனா பார்த்துத் தலையாட்டினார்.

விஜயதசமி காலை. விளக்கேற்றிக் கும்பிட்டாயிற்று. அம்மா வேறு யாரையும் விடாமல் தானே துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்துக்கொடுத்தாள். அத்தை தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.

விசிறி ஓடியது. குட்டிச் சத்தத்துக்குப் பதிலாக, கீக் கீக் கீக் கீக் என்று நிற்காமல் கத்த ஆரம்பித்தது.

“இன்னா பாப்பா, ரிவர்ஸ் எடுக்குதா?” என்று அத்தையைக் கேட்டார் நைனா. லாரி பின்னால் வரும்போது அப்படித்தான் கத்தும்.

அத்தை சிரிக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே கூச்சல்.

“கறுப்பா கீது. வெள்ள எழுத்து. அப்டியே நின்னுகினு கீது” என்றாள் அம்மா. அவள் குரல் வழக்கம்போல இல்லை.

நான் ஓடிப்போய்த் திரைமுன் நின்றேன். கூச்சலில் ராகம் மறந்துவிட்டது. மின்னிக்கொண்டிருந்த கடைசி வரியை மட்டும் படித்தேன். எஸ், டி, யு, சி, கே. அப்புறம் கே, இ, ஒய்.

“ஸ்டக் கீ” என்று அத்தை முணுமுணுத்தாள்.

இந்த ஸ்டக் என்ற வார்த்தை நைனாவுக்கு நன்றாகத் தெரியும். துறைமுக ரோட்டில் அதைக் கேட்காத நாள் இல்லை. கீ என்றால் சாவி என்று லாரிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

“சாவி மாட்டிக்கினு கீதா? அதான பாத்தேன்! அந்த ஓட்டைக்கு சாவி குடுக்காமலே ஏமாத்திட்டான் பாயி.”

“அண்ணா, கீன்னா அது...”

“நீ சும்மா குந்து. வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா மொதல்ல சாவியத்தான் பாக்கணும். டேய், சைக்கிள்ல ஏறு.”

அவ்வளவுதான். என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். ரோடெல்லாம் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய். லாரிகளின் முகத்தில் வாழைக்கன்று வாடித் தொங்கியது. மணலி ஆலைகள் பக்கமிருந்து கெட்ட வாடை காற்றோடு வந்தது. ஓரிடத்தில் சைக்கிள் வழுக்கி, இருவரும் விழப் பார்த்தோம். நைனா இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றி மறுபடி மிதித்தார். தங்கையை விடுதிக்கு அனுப்பத் துடிக்கிற மனுஷன் ஏன் இப்படி மூச்சு வாங்க மிதிக்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சைக்கிளில் ஊர் சுற்றுவதே எனக்குச் சந்தோஷம்.

பாய் கடையில் இரண்டு டிவியின் வயிற்றைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். நைனா போன வேகத்தில், “சாவி எங்க பாய்?” என்றார்.

“எந்தச் சாவி?”

“கம்ப்யூட்டரு சாவி. ஸ்டக் ஆயிடுச்சுன்னு அதுவே எழுதிக் காட்டுது. பையன் படிச்சான்.”

நான் நெஞ்சை நிமிர்த்தி எழுத்துகளை ஒப்பித்தேன். பாய் முதலில் எங்களைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் சால்ட்ரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்து முடித்தார்.

“தோஸ்து, அது இன்னா உன் லாரியா? அந்தப் பூட்டு செத்து எத்தினியோ காலமாச்சு, உள்ள வயரே கெடையாது. கீன்னா பட்டன்பா! தட்டுற பட்டன். எதோ ஒண்ணு அமுங்கினமேனிக்கே ஒட்டிக்கினு கீது. அதான் அய்யோ அம்மான்னு கத்துது. சுத்தம் பண்ணா சரியாப்பூடும்.”

“பட்டன்னா பட்டன்னு எழுதறதுக்கு இன்னா கேடு?” என்றார் நைனா. முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வந்ததைவிட வேகமாகத் திரும்ப மிதித்தார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எங்கள் தெருவில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போட மாட்டார்கள். நைனா தட்டினார். உள்ளே குசுகுசுவென்று பேச்சு, ஏதோ உருளும் சத்தம். அம்மா வந்து திறந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

தரையில் முறம். முறத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி கம்ப்யூட்டரின் பட்டன்கள் எல்லாம் கழன்று கிடந்தன. அத்தை கையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கொண்டை ஊசி அவள் கையில் இருந்தது. அதன் முனையில் மஞ்சளாக, காய்ந்த மாவு மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது.

“பட்டனாம் பாப்பா” என்றார் நைனா.

“தெரியும் அண்ணா. அதச் சொல்றதுக்குள்ளதான் நீ பறந்துட்டியே. கரப்பான் பூச்சி. பட்டனுக்கு அடியில செத்துக் கெடந்துச்சு.”

நைனா மூக்கை உறிஞ்சினார். “சந்தன வாசன தூக்குது?”

“பூஜ பண்ண வூட்டுல பின்ன வஞ்சிரம் வாசனையா தூக்கும்?” என்றாள் அத்தை.

“சரி, கரப்பான் எங்க?”

“குப்பைல கொட்டிட்டேன்” என்றாள் அம்மா. அதே நேரத்தில் “ஓடிப்போச்சு” என்றாள் அத்தை.

நைனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “செத்த கரப்பான் எழுந்து ஓடிப்போச்சு. அப்டித்தானே?”

அம்மா கொண்டை ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நைனா திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதுகு எங்கள் பக்கம் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. “ஆவட்டும், ஆவட்டும். மொதல்ல தொரைய எழுப்புங்க” என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா நைனாவின் பேச்சை மீறிச் சந்தனம் வைத்தாள், அது வழிந்து உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது என்பது வரைக்கும் எனக்கே விளங்கிவிட்டது. அத்தையைத் துரத்த நினைக்கிற அம்மாவை, அத்தையே ஏன் கரப்பான் பூச்சி சொல்லிக் காப்பாற்ற வேண்டும்? சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அத்தைக்கு அது எப்படித் தெரிந்ததோ, என் கையில் ஒரு பட்டனைத் திணித்து, “இதுல இன்னா எழுத்து, சொல்லு” என்றாள். நான் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். இடமெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். டக், டக் என்று பல் முளைத்த மாதிரி பலகை நிறைந்தது.

சுவிட்சைப் போட்டாள். விசிறி ஓடியது.

கீக். ஒரே ஒரு தரம்.

“கறுப்பு கீது” என்றாள் அம்மா. “எழுத்து போவுது, போவுது, ஓடிக்கினே கீது. நீலம் வந்துருச்சு பாப்பா! மேகம் மேகமா வந்துருச்சு!” முறுக்கு கடிக்கிற சத்தம், பாட்டு. அப்புறம் மூக்கால் தொரை பேசினார். அம்மா அவரைப் பார்த்து நிஜமாகவே கைகூப்பினாள்.

அன்றைக்கு அத்தை சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவை அம்மாவே போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. மறுநாள் நைனா அந்த ஃபிளாப்பியை ரோட்டுத் தூசு படக்கூடாது என்று டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். சோறு தனியாக ஒரு பொட்டலத்தில் போனது.

அதற்கப்புறம் ஒரு நாள் அத்தை என்னை உட்காரவைத்து, கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டு, தொரை எழுந்திருக்கும் வரை திரையில் வருகிற எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். ஒரு கேசட்டில் அதைப் பதிவு செய்துகொண்டாள். எந்த எழுத்துக்குப் பின் எது வரும், எங்கே எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். அதன்பின் என்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது. முட்டாயும் குறைந்தது. எனக்கு அது பெரிய வருத்தம்.

தீபாவளி நெருங்கியபோது தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அத்தைக்குப் போன் வந்திருப்பதாகப் பூத்துக்காரப் பையன் கத்தினான். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது அத்தை மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, வாராவாரம் கேசட் வீட்டுக்கே வரும், விடுதிக்குப் போக வேண்டியதில்லை என்றாள். அம்மா நேரே சமையற்கட்டுக்குள் போய், அடுப்பின் முன் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. பாவம், இவ்வளவு நாள் காத்திருந்தாளே என்று நினைத்தேன். மெதுவாகப் போய் அவள் முதுகைத் தடவினேன்.

“அழாதம்மா” என்றேன். “இந்தத் தபா இல்லன்னா இன்னா? அத்தை வேற எப்பனா போயிடும்.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு கையில் கிடைத்த கரண்டிக் காம்பால் என் முதுகில் ஒன்று வைத்தாள். வெளியே அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தே போகிற அளவுக்குச் சிரித்தாள்.

ஆறுதல் சொன்னதற்கு யாராவது அடிப்பார்களா என்று அழுதுகொண்டே கடற்கரைக்கு ஓடினேன். அந்த அடி எதற்கென்று எனக்கு வெகு காலம் விளங்கவில்லை.